தீவைப்பு வழக்குகள்: வக்கீலிடம் கேட்டவை

இங்கே பேசுவது இந்தியச் சட்டம். சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் பழைய ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்), அன்றோ அதற்குப் பின்னரோ என்றால் அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா).

சார், தீ வைத்தார் என்று நிரூபிக்க என்னென்ன வேண்டும்?

தீவைப்பு, சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றத்தின் (பி.என்.எஸ். 324) கடுமையான வடிவம், பிரிவு 326-இல் வருகிறது. சொத்து அழிந்திருக்க வேண்டும், அல்லது அதன் மதிப்போ பயனோ குறைந்திருக்க வேண்டும். அது தீயாலோ வெடிபொருளாலோ நடந்திருக்க வேண்டும். வைத்தவர் இவர்தான் என்று காட்ட வேண்டும். இதெல்லாம் சரி, கேஸ் நிற்பதும் விழுவதும் மனநிலையில்தான்: சேதம் வர வேண்டும் என்ற எண்ணம், அல்லது வரும் என்ற அறிவு. வீடு முழுக்கச் சாம்பலாக வேண்டியதில்லை. அழிக்கும் எண்ணத்தோடு வைத்த தீயில் கூரையின் ஒரு மூலை கருகினாலும் குற்றம்தான்.

என் பைக்கை எரித்தவருக்கு உடனே பெயில் கிடைத்துவிட்டது. எப்படி?

பைக், வைக்கோல் போர் போன்றவை 326(எஃப்). ஏழு ஆண்டு வரை சிறை, ஆனால் பெயில் உரிமையாகவே கிடைக்கும். வீடு, வழிபாட்டு இடம், பொருள் வைக்கும் குடோன் என்றால் 326(ஜி). ஆயுள் தண்டனை அல்லது பத்து ஆண்டு வரை சிறை, பெயில் கோர்ட் பார்த்துக் கொடுப்பது, விசாரணை செஷன்ஸில். பழைய ஐ.பி.சி. 435-இல் சேதம் நூறு ரூபாயாவது இருக்க வேண்டும், விளைபொருள் என்றால் பத்து ரூபாய். அந்தக் காலத்துக் கணக்கு 2024 வரை ஓடியது!

சொந்தக் கடையை நானே எரித்தால் என்ன குற்றம்? என் பொருள்தானே.

இன்சூரன்ஸ் பணத்துக்காக என்றால் குற்றம்தான். நஷ்டம் சொத்துக்காரருக்கே வர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தன் சொத்தை அழிப்பதும் இதில் அடங்கும். காப்பீடு செய்த கப்பலை வேண்டுமென்றே கரையில் மோதவிடும் ஆளைச் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது.

குடிபோதையில் வைத்துவிட்டான், தப்பிக்க முடியுமா?

தானாகக் குடித்தவனுக்கு, தெளிவாக இருந்தால் என்ன அறிவு இருந்திருக்குமோ அந்த அறிவு இருந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். தீவைப்புக்கு அறிவு மட்டுமே போதும் என்பதால் போதை இங்கே பெரிதாகக் கைகொடுக்காது.

குப்பை கொளுத்தினேன், பக்கத்து வைக்கோல் போரில் பற்றிவிட்டது.

வெறும் கவனக்குறைவு என்றால் 287: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது, வேண்டாம் என்று யாராவது தடுத்தும் கொளுத்தியிருந்தால் 326-க்கே இழுக்கப் பார்ப்பார்கள்.

யாரும் பார்க்கவில்லை. கேஸ் நிற்குமா?

சந்தர்ப்ப சாட்சியங்களில் நிற்கலாம். முன்விரோதம், அந்த நேரத்தில் அங்கே இருந்தது, பெட்ரோல் வாங்கியது எல்லாம் ஒரே சங்கிலியாக ஒருவரிடம் போய்ச் சேர வேண்டும். மின்கசிவு இல்லை என்பதையும் தெளிவாக்க வேண்டும். எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் எடுக்கும். பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிவிடும், அதனால் எரிந்த துணியையும் மண்ணையும் காற்றுப் புகாத டப்பாவில் சீல் வைத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். சாக்குப் பையில் கட்டி அனுப்பினால் அந்தத் தடயத்தை மறந்துவிடலாம்.

உள்ளே ஆள் இருந்து இறந்தால்?

கொலைப் பிரிவும் சேரும். 2000 பிப்ரவரி 2 அன்று தர்மபுரியில் வேளாண் பல்கலைக்கழகப் பஸ்ஸைக் கொளுத்தியதில் மூன்று மாணவிகள் இறந்தார்கள். குற்றவாளிகள் மூவருக்கு விதித்த தூக்கை உச்ச நீதிமன்றம் 2010-இல் உறுதிசெய்து, 2016-இல் ஆயுளாகக் குறைத்தது. கும்பல் வெறியில் நடந்தது என்பது அந்தக் குறைப்புக்கு ஒரு காரணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரசுப் பஸ் போன்ற பொதுச் சொத்தை எரித்தால் 1984-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் உண்டு, பொதுவாகக் குறைந்தது ஓராண்டு சிறை.

எங்கள் காலனியில் குடிசையைக் கொளுத்திவிட்டார்கள். நாங்கள் பட்டியல் சாதி.

கொளுத்தியவர்கள் எஸ்.சி., எஸ்.டி. அல்லாதவர்கள் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(2)(iv)-ஐ எஃப்.ஐ.ஆரில் சேர்க்கச் சொல்லுங்கள். குடியிருப்பை எரித்தால் அதில் ஆயுள் தண்டனை ஒன்றுதான், கோர்ட் குறைக்க இடமில்லை. குடிசை குடியிருப்பு ஆகாது என்று ஸ்டேஷனில் யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.