தவளைத் தோல் மருந்து ஆராய்ச்சி: மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

"தவளைத் தோல்ல இருந்து மருந்து எடுக்குற படிப்புதான் வேணும்னு மக அடம்பிடிக்கிறா, நீட் எழுத மாட்டேங்கிறா" என்று பாம்பனிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

அம்மா, மகள் சொல்வது விளையாட்டுப் பேச்சு இல்லை. 1987-இல் மைக்கேல் சாஸ்லாஃப் ஆப்பிரிக்க நகத் தவளையின் தோலில் மகைனின் என்ற கிருமிக்கொல்லியைக் கண்டறிந்தார். 23 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம் அது; இப்படிப்பட்ட சரத்தைப் பெப்டைடு என்பார்கள். பாக்டீரியாவின் சவ்வில் ஓட்டை போட்டுக் கொன்றுவிடும். கேரளத் தவளை ஒன்றில் கிடைத்து, ஃப்ளூ வைரஸை அழிக்கும் பெப்டைடுக்கு 2017-இல் உருமி வாளின் பெயரால் 'உருமின்' என்றே பெயர் வைத்தார்கள்.

ஆனால் பலன் கைக்கு வரக் காலமாகும். மகைனினை ஒட்டிச் செய்த பெக்சிகனான் களிம்பு சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கானது. 1999-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. கடல் பக்கம் கதை வேறு: பசிபிக் கூம்பு நத்தை ஒன்றின் விஷத்திலிருந்து வந்த சிகோனோடைடு 2004-இல் கடும் வலிக்கான மருந்தாகவே அனுமதி பெற்றது. அந்த நத்தையின் உறவுகள் உங்கள் மன்னார் வளைகுடாவிலேயே உண்டு. உயிரோடு கிடந்தால் யாரும் கையால் எடுக்க வேண்டாம். கொட்டினால் உயிருக்கே ஆபத்து.

இனி, வேலை எப்படி இருக்கும் என்று மகள் தெரிந்துகொள்ளட்டும். தவளையைக் கொல்வதில்லை. லேசான மின்தூண்டலில் தோல் பால்போல் சுரக்கும். அதைக் கழுவி எடுத்துக்கொண்டு தவளையை விட்டுவிடலாம். அந்தச் சுரப்பிலேயே பெப்டைடை அரிக்கும் நொதிகளும் இருப்பதால் உடனே அமிலம் சேர்க்க வேண்டும், தாமதித்தால் சரம் துண்டாகிவிடும். பிறகு உறையவைத்து உலர்த்தி, கலவையைத் தனித்தனியாகப் பிரிக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியில் பிரித்து, நிறை நிறமாலைமானியில் மூலக்கூறின் எடை பார்ப்பார்கள். சரத்தின் வால் முனை, வழக்கமான அமிலமாக இல்லாமல் அமைடு என்ற வேதிக்குழுவாக இருந்தால் எடை ஏறக்குறைய 1 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) குறையும். அதைக் கவனிக்காமல் செயற்கையாகச் செய்தால் பெப்டைடின் வீரியம் குறைந்துபோகலாம். கிருமிச் சோதனையிலும் கண்ணி உண்டு: நேர்மின் கொண்ட பெப்டைடு சாதாரண பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தட்டின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றும். பாலிபுரோப்பிலீன் தட்டு வேண்டும். கிருமியைக் கொன்றால் மட்டும் போதாது, ரத்தச் சிவப்பணு உடைகிறதா என்றும் பார்க்க வேண்டும். பல பெப்டைடுகள் தோற்பது அங்கேதான்.

கவனித்தீர்களா, இதில் பாதிக்கு மேல் வேதியியல். அதனால் விலங்கியல் மட்டும் போதாது, பி.எஸ்சி. வேதியியல் அல்லது உயிர்வேதியியல் என்பதே என் பரிந்துரை. மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்களான ஐசர்களின் ஐந்தாண்டுப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் 60 கேள்விகள், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் என நான்கு பாடத்துக்கும் 15 வீதம். மகள் கணிதம் இல்லாத பிரிவு என்றால் அந்த 15-க்கு இப்போதே தயாராக வேண்டும். எம்.எஸ்சி.க்குப் பின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் ஆண்டிலிருந்து 42,000. பி.எச்டி. முடிய மொத்தம் பத்து வருடம் ஆகும் என்று மனதில் வையுங்கள்.

அவ்வளவு நாள் தாங்காது என்றால் எம்.எஸ்சி.யோடு நிறுத்தலாம். சர்க்கரை நோய் மருந்தான செமாக்ளூடைடும் பெப்டைடுதான், அத்தகைய மருந்து செய்யும் கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஹெச்.பி.எல்.சி. கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு வேலை உண்டு. கல்லூரியில் சேர்க்கும்முன் ஆய்வகத்தை நேரில் பாருங்கள்: அந்தக் கருவி ஓடுகிறதா, மாணவர்கள் தொட விடுகிறார்களா என்று சீனியர் பிள்ளைகளிடமே கேளுங்கள்.