பெரியப்பா சொல்லும் லாசிக்கும் மகள் கேட்கும் மாறுகண்ணும்

கரூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் எம்.எஸ். கண் மருத்துவம் முடித்துவிட்டாள். குழந்தைகள் கண் மருத்துவமும் மாறுகண் அறுவையும் சேர்ந்த ஃபெலோஷிப்புக்கு, அதாவது மேல்படிப்புக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சிக்குப் போகிறேன் என்று நிற்கிறாள். பெரியப்பா, வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி, லேசரால் பார்வையைச் சரிசெய்து கண்ணாடியைக் கழற்ற வைக்கும் லாசிக் சென்டர் வைத்துக் கொடு என்கிறார். பத்திரம் ஏற்கெனவே வங்கிக்குப் போய்விட்டது. சித்தப்பாவுக்கு ரெட்டினா என்கிற விழித்திரைத் துறைதான் கௌரவம். "மாறுகண் பார்க்கிற டாக்டரை யாரும்மா தேடி வரப் போறாங்க?"

அம்மா, பதற வேண்டியதில்லை என்று சொல்லி உங்களை அனுப்பிவிடலாம். ஆனால் இங்கே தெளிவாக இருப்பவள் உங்கள் மகள் மட்டும்தான், குழம்பியிருப்பவர்கள் சொந்தக்காரர்கள்.

லாசிக் லேசர் வாங்கக் கோடிக்கணக்கில் ஆகும். அதன்பின் வருடா வருடம் பராமரிப்பு ஒப்பந்தம். கண்ணாடியைக் கழற்ற நினைக்கும் இளைஞர் கோவைக்கோ சென்னைக்கோ பஸ் ஏறிவிடுவார். ஒருமுறை செய்துகொண்டவர் பெரும்பாலும் திரும்ப வரவும் மாட்டார். தவணை மட்டும் மாதாமாதம் வரும். இதற்காக வீட்டை அடகு வைப்பது தவறு. ரெட்டினா நல்ல துறை, சர்க்கரை நோய் இருக்கும்வரை நோயாளிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அதில் நிறைய வேலை இன்று ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கண்ணுக்குள் போடும் ஊசிக்கு மாறிவிட்டது. மகளே விரும்பிக் கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். கேட்கவில்லையே. ஃபேகோ என்கிற கண்புரை அறுவை எல்லோரும் கற்பது, இவளும் கற்பாள். அதைப் பற்றித் தனியாகப் பேச ஒன்றுமில்லை.

மாறுகண்ணுக்கு வருவோம். 'ஒன்றரைக் கண் அதிர்ஷ்டம்', 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று நம் ஊரில் எத்தனை குழந்தைகளை வீட்டிலேயே வைத்திருக்கிறோம்! விலகிய கண்ணை மூளை பயன்படுத்தாமல் விட்டுவிடும்; சோம்பேறிக் கண் என்பது அதுதான். சிறு வயதிலேயே நல்ல கண்ணை மூடி, மற்றக் கண்ணுக்கு வேலை கொடுத்தால் பார்வையை மீட்கலாம். நடுத்தரக் குறைக்குத் தினம் 2 மணி நேரம் மூடினாலே பல குழந்தைகளுக்குப் பலன் தெரியும், கடுமையானதற்கு 6 மணி நேரம் தேவைப்படலாம். மாதக்கணக்கில் பெற்றோரைத் தட்டிக்கொடுத்து இதைச் செய்ய வைப்பது தனித் திறமை.

அறுவையில் கணக்குதான் எல்லாம். கண் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை ப்ரிசம் என்ற அலகில் அளப்பார்கள். உள்பக்கம் விலகிய கண்ணில் அது 30 ப்ரிசம் இருந்தால் இரு கண்ணிலும் உள்தசையை 4.5 மில்லிமீட்டர் பின்னுக்குத் தைப்பார்கள். 40 என்றால் 5.5. ஒவ்வொரு தசையிலும் அரை மில்லிமீட்டர் பிசகினால் 5 ப்ரிசம் அளவு மாறிவிடும். தசை ஒட்டியிருக்கும் இடத்துக்குப் பின்னால் வெள்ளை விழிச்சுவரின் கனம் 0.3 மில்லிமீட்டர்தான், ஊசி சற்று ஆழமாக இறங்கினால் துளை விழும். தசையை இழுக்கும்போது குழந்தையின் இதயத் துடிப்பு குறையலாம்; மயக்க மருத்துவர் சொன்ன நொடியில் இழுப்பைத் தளர்த்த வேண்டும். எல்லாவற்றுக்கும் முன், மருந்து விட்டுக் கண்ணாடிப் பவரைச் சரியாக எடுத்தாக வேண்டும். பிளஸ் கண்ணாடி போட்டாலே நேராகிவிடும் கண்ணை அவசரப்பட்டு அறுத்தால், பிறகு அது வெளிப்பக்கம் போய்விடும்.

இதோடு குறைமாதக் குழந்தைகளின் விழித்திரைப் பரிசோதனையும் இருக்கிறது. அவர்களுக்கு வரும் விழித்திரை நோயை ஆர்ஓபி என்பார்கள். 2000 கிராமுக்குக் குறைந்த எடையிலோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்தால், நான்கு வாரத்துக்குள் பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன்போ 1200 கிராமுக்குக் கீழோ பிறந்தது என்றால் இரண்டு, மூன்று வாரத்திலேயே. சிகிச்சை தேவைப்பட்டால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும், தாமதித்தால் விழித்திரை பிய்ந்துவிடும். பெரியவர்களுக்கு விடும், கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தைக் குழந்தைக்கு அப்படியே விடக் கூடாது, நீர்க்கச் செய்துதான் விட வேண்டும். இல்லையென்றால் ரத்த அழுத்தம் ஏறும். 1996-இல் சென்னையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு இந்தப் பரிசோதனை நடக்காமல் பார்வை போனது. 2015-இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. என்ஐசியூ, அதாவது பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு வைத்திருக்கும் எந்த மருத்துவமனைக்கும் இப்படிப் பார்க்கத் தெரிந்த கண் டாக்டர் வேண்டும். கரூரைச் சுற்றி அப்படிப்பட்ட மருத்துவமனைகள் எத்தனை என்று பெரியப்பாவையே எண்ணச் சொல்லுங்கள்.

இதற்கு அவள் வாங்க வேண்டியவை விலகலை அளக்கும் ப்ரிசம் பார், பவர் எடுக்கும் ரெட்டினோஸ்கோப், விழித்திரையைப் பார்க்கும் இன்டைரக்ட், அதோடு பிடிக்கும் 20 டி லென்ஸ், குழந்தைக்கான கண் விரிப்பான், தசைக் கொக்கிகள், காலிப்பர். லாசிக் லேசரின் விலைக்குப் பக்கத்தில் இதெல்லாம் சில்லறைச் செலவு. தியேட்டரும் மயக்க மருத்துவரும் ஏதாவது ஒரு மருத்துவமனையிலேயே கிடைக்கும், அதனால் சொந்தமாகக் கட்ட வேண்டாம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தையைப் பார்க்கும் நேரத்தில் நான்கு பெரியவர்களைப் பார்த்துவிடலாம், அதனால் முதல் சில ஆண்டுகள் வருமானம் மெதுவாகத்தான் ஏறும். மாறுகண்ணை மட்டும் நம்பிச் சிறு ஊரில் தனியாகப் போர்டு மாட்டக் கூடாது. ஒரு மருத்துவமனையில் சேர்ந்து புரை அறுவையும் செய்துகொண்டு, வாரத்தில் இரண்டு காலை சுற்று ஊர் என்ஐசியூக்களுக்குப் போய்வருவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, ஹைதராபாத் எல்.வி. பிரசாத் ஆகிய மூன்றிலும் இந்த ஃபெலோஷிப் இருக்கிறது. நேர்காணலில் அவள் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை: முதன்மை அறுவையாளராக எத்தனை மாறுகண் அறுவை கிடைக்கும், ஆர்ஓபி லேசர் கையில் கொடுப்பார்களா, பிறவிப் புரை அறுவையில் பங்கு உண்டா, முடித்தபின் அங்கேயே கட்டாயமாக வேலை செய்யும் பாண்ட் எத்தனை ஆண்டு. எண்ணிக்கையைச் சொல்லத் தயங்கும் இடத்தில் சேர வேண்டாம். இப்படிப்பட்ட இடங்களில் உதவித்தொகை உண்டு. அவள் சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் அது பற்றாத மாதத்தில் மட்டும் நீங்கள் கை கொடுத்தால் போதும்.

வங்கியில் கொடுத்து வைத்திருக்கும் வீட்டுப் பத்திரத்தை இந்த வாரமே போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.