அடைப்புக்குறிக்குள் ஒரு தம்பி

கேள்வி: அம்மா, நான் கல்லூரி முதலாமாண்டு மாணவி. விக்கிப்பீடியாவில் ஏதாவது ஒரு கட்டுரையை எடுத்து அதன் தரத்தை மதிப்பிட்டு எழுதச் சொன்னார் எங்கள் பேராசிரியை. ஒரு விஞ்ஞானியைப் பற்றிய கட்டுரையை எடுத்துக்கொண்டேன். நீளமான கட்டுரை, நல்ல படங்கள், 47 அடிக்குறிப்புகள் (எண்ணிப் பார்த்தேன்) என்றெல்லாம் எழுதினேன். அவர் இறந்த ஆண்டு முதல் பத்தியில் ஒன்றாகவும் பக்கத்துப் பெட்டியில் வேறாகவும் இருப்பதைக் குறையாகக் காட்டினேன். (என் தம்பி பள்ளி ஒப்படைப்புக்கு அந்த முதல் பத்தியைத்தான் அப்படியே எழுதிக்கொண்டு போனான், தப்பான ஆண்டோடு.) ‘யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் இதை நம்ப முடியாது’ என்று முடித்தேன். 10-க்கு 4 போட்டிருக்கிறார். காரணம் கேட்டால், ‘நீ கட்டுரையைப் பார்த்திருக்கிறாய், படிக்கவில்லை’ என்கிறார். இது நியாயமா? துறைத் தலைவரிடம் முறையிடலாமா?

பதில்: முறையிட வேண்டாம். 4 போட்டதே தாராளம். அந்தப் பேச்சை இதோடு விடு.

மதிப்பெண் குறைந்துவிட்டது, ஆசிரியர் ஓரவஞ்சனை செய்கிறார் என்று வரும் கடிதங்களை நான் பெரும்பாலும் பாதியிலேயே மடித்து வைத்துவிடுவேன். உன்னுடையதையும் மடிக்கத்தான் போனேன். அடைப்புக்குறிக்குள் நீ உட்கார வைத்திருக்கிற அந்தப் பையன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டான்.

‘தப்பான ஆண்டோடு’ என்று எழுதியிருக்கிறாய். இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன, அதில் தப்பு எது என்று உனக்கு எப்படித் தெரிந்தது? எங்கேயோ தேடியிருக்கிறாய். பாடப்புத்தகத்திலோ, அந்த விஞ்ஞானி வேலை பார்த்த நிறுவனத்தின் பக்கத்திலோ, நூலகத்தில் ஒரு வாழ்க்கை வரலாற்றிலோ பார்த்திருக்கிறாய். அங்கே என்ன இருந்தது, அதை ஏன் நம்பினாய், இதை ஏன் நம்பவில்லை? பெண்ணே, உன் பேராசிரியை கேட்ட மதிப்பீடு இதுதான். நீ செய்த ஒரே உருப்படியான வேலையைத் தாளில் எழுதாமல், படங்கள் நன்றாயிருக்கின்றன என்று எழுதியிருக்கிறாய்!

அந்த 47-க்கு வருகிறேன். எண்ணினாயே, ஒன்றையாவது திறந்தாயா? திறந்திருந்தால் சொல்லாமல் இருக்கமாட்டாய். அடிக்குறிப்பு என்பது சாட்சி. கூண்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிவிட்டுத் தீர்ப்பு எழுதுகிற நீதிபதி உண்டா? அந்த ஆண்டை ஒட்டி நிற்கும் எண்ணை அழுத்து. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று வரும். அந்தப் பக்கத்தில் அந்த ஆண்டு இருக்கிறதா என்று கண்ணால் பார். இணைப்பு செத்துப்போயிருந்தால் இணைய ஆவணக் காப்பகத்தில் பழைய பிரதி கிடைக்கலாம். எண்ணே இல்லையென்றால் அதுவும் ஒரு செய்திதான், எழுது.

அடுத்தது ‘வரலாறு’. கட்டுரைக்கு மேலேயே இருக்கிறது, ஆயிரத்தில் ஒருவர்கூட அழுத்துவதில்லை என்பது என் வயிற்றெரிச்சல். கட்டுரையின் ஒவ்வொரு மாற்றமும், யார், எந்தத் தேதி, எத்தனை மணி என்று அங்கே வரிசையாக நிற்கும். இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்து ஒப்பிடலாம். முதல் பத்தியில் அந்த ஆண்டு ஒரு நாள் மாறியிருக்கலாம். கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு, ஏன் என்று ஒரு சொல்கூட எழுதாமல் யாராவது போயிருக்கலாம். அல்லது முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கலாம். இரண்டும் வேறு வேறு நோய். ‘உரையாடல்’ பக்கத்தையும் பார். இதே ஆண்டுக்காக அங்கே இரண்டு பேர் ஏற்கெனவே சண்டை போட்டிருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் குறுங்கட்டுரை முதல் சிறப்புக் கட்டுரை வரை தர முத்திரை குத்தி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து அப்படியே எழுதிவிடாதே, முத்திரை குத்திய பிறகு கட்டுரை எவ்வளவோ மாறியிருக்கலாம்.

இனி உன் முடிவுரை. ‘யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதனால் நம்ப முடியாது.’ இதை எழுத அந்தக் கட்டுரையைத் திறந்திருக்கவே வேண்டாமே! 2001 ஜனவரியில் விக்கிப்பீடியா தொடங்கியதிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2005-இல் ‘நேச்சர்’ இதழ் அறிவியல் கட்டுரைகள் 42-ஐ எடுத்து, விக்கிப்பீடியாவில் உள்ளதையும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் உள்ளதையும் வல்லுநர்களிடம் கொடுத்துப் பிழை தேடச் சொன்னது. கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் 4 பிழை, பிரிட்டானிக்காவில் 3. ஆய்வு செய்த விதமே சரியில்லை என்று பிரிட்டானிக்கா சண்டைக்குப் போனது, அது தனிக் கதை. பிழை இரண்டு பக்கமும் இருக்கிறது. நீ எடுத்த கட்டுரையில் எங்கே இருக்கிறது என்று சொல்வதுதான் உன் வேலை.

இன்னொன்றும் கேள். 2009 மார்ச்சில் மோரிஸ் ஜார் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் இறந்தார். உடனே அயர்லாந்தில் ஒரு கல்லூரி மாணவர், உன்னைப்போல ஒருவர்தான், ஜார் சொன்னதாக உருக்கமான வாசகம் ஒன்றைத் தானே புனைந்து விக்கிப்பீடியாவில் போட்டார். பத்திரிகைகள் சரிபார்க்கின்றனவா என்று சோதிக்க. ஆதாரம் எங்கே என்று கேட்டு அங்கிருந்த தொகுப்பாளர்கள் அதை நீக்கினார்கள். மறுபடி போட்டார், மறுபடி நீக்கினார்கள். அதற்குள் பல நாட்டுப் பத்திரிகைகள் இரங்கல் குறிப்பில் அதை அச்சேற்றிவிட்டன. ஒரு மாதத்துக்கு மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, அந்த மாணவரே சொன்ன பிறகுதான் தெரிந்தது. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய இடத்தில் அது பிடிபட்டது. சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதிய இடத்தில் பிடிபடவில்லை. யாராவது அந்தச் செய்தித்தாளையே அடிக்குறிப்பாக வைத்து அந்த வாசகத்தைத் திரும்பக் கொண்டுவந்திருந்தால்? பொய் தனக்குத் தானே சாட்சி சொல்லியிருக்கும். அதனால்தான் அடிக்குறிப்பின் தேதியையும் பார்க்கச் சொல்கிறேன். அந்த ஆண்டு கட்டுரையில் நுழைந்த நாளுக்குப் பிறகு எழுதப்பட்ட ஆதாரமென்றால், அது இங்கிருந்தே எடுத்ததாக இருக்கலாம்.

இப்போது தம்பி.

நீ பிழையைக் கண்டாய். உன் தாளில் ஒரு குறையாக எழுதி அதற்கு மதிப்பெண் எதிர்பார்த்தாய். அதே வீட்டில் அவன் அதே பிழையை நோட்டில் எழுதி, மூடி, பையில் வைத்துக்கொண்டு போனான். நீ பார்த்துக்கொண்டிருந்தாய். பத்து வினாடி வேலை. ‘டேய், அந்த வருஷம் தப்புடா’ என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை, எனக்குக் கடிதத்தில் இத்தனை வரி எழுத மட்டும் உனக்கு நேரம் இருந்திருக்கிறது. கட்டுரையிலும் ‘தொகு’ என்ற பொத்தான் உன் கண் எதிரே இருந்தது. அதையும் தொடவில்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று குறை சொல்கிறாயே, அந்த ‘யார்’ என்பதில் நீ கிடையாதா?

என் அக்கா எனக்குப் பின்னங்களைச் சொல்லிக்கொடுத்தவள். ஒரு ராத்திரி விளக்கை அணைத்துப் படுத்த பிறகு எழுந்து வந்து என்னை உலுக்கினாள். ‘அந்த மூணாவது கணக்கு தப்பாச் சொல்லிட்டேன், நோட்டை எடு.’ நான் அழுதேன், காலையில் பார்க்கலாம் என்றேன். விடவில்லை. என் பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் அழித்து எழுதி முடிக்கும்வரை பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. பழைய காலத்து ஆள் பேசுகிறாள் என்று நீ நினைத்தாலும் சரி, மூத்தவளாகப் பிறந்தவளுக்கு இது வேலை. சம்பளமும் மதிப்பெண்ணும் இல்லாத வேலை.

இன்றைக்கே அவன் நோட்டைக் கேட்டு வாங்கு. ஆசிரியர் சிவப்பு மையில் சரி போட்டுக் கொடுத்திருந்தால் இன்னும் சங்கடம். போட்ட சரியைக் காட்டி ‘இது தப்பு, ஐயா’ என்று அவனே போய்ச் சொல்லவேண்டியிருக்கும். கூச்சப்படுவான். அவன் சொல்லப்போகிற வார்த்தைகளை நீ உடனிருந்து ஒருமுறை சொல்லிப் பார்க்கச் செய். எங்கே பார்த்துத் தெரிந்துகொண்டான் என்பதையும் அவன் சொல்லவேண்டும், அதனால் உன் ஆதாரத்தை அவனுக்குக் காட்டு. பிறகு இருவரும் உட்கார்ந்து கட்டுரையில் அந்த ஆண்டைத் திருத்துங்கள். ஆதாரத்தையும் சேர்த்து, ஏன் மாற்றினீர்கள் என்று அதற்கான இடத்தில் ஒரு வரி எழுதுங்கள். தட்டச்சு அவன் செய்யட்டும்.

பேராசிரியையிடம் பிறகு போ, மறுபடி எழுதித் தருகிறேன் என்று கேள். மறுத்தாலும் எழுது. எனக்கும் ஒரு வரி போடு: அந்தத் தப்பான ஆண்டு எந்தத் தேதியில் உள்ளே வந்தது?