கார், விமானம்: எதில் பயணம் பாதுகாப்பானது?

விமானம்தான், சந்தேகமே வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி, சாலை விபத்துகள் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் உயிர்களைப் பறிக்கின்றன. சாலையில் செல்வோர் பல மடங்கு அதிகம் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமல்ல. ஆனால் கிலோமீட்டர் கணக்கில் ஒப்பிட்டாலும் விமானமே வெகுதூரம் முந்துகிறது.

காரணம் ஒழுங்கு. தரையிறங்குமுன் ஒரு விமானி சரிபார்ப்புப் பட்டியலை உரக்கப் படிக்க, மற்றவர் ஒவ்வொன்றையும் பார்த்துப் பதில் சொல்கிறார். காரில் ஓட்டுநர் ஒரு நொடி கண்ணயர்ந்தால் தடுக்க யாருமில்லை. விமானம் விழுந்தால் கறுப்புப் பெட்டியைத் தேடியெடுத்துக் காரணத்தை ஆராய்கிறார்கள். சாலை மரணங்களுக்கும் இந்த அக்கறை கிடைக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

ஒன்று மட்டும்: விமான விபத்துகளில் பெரும்பாலானவை புறப்படும்போதும் இறங்கும்போதும் நேர்பவை. ஆகவே குறுகிய தூரப் பயணத்தில் இந்த வித்தியாசம் குறையும்.