வாரா வாரம் கழுவும் தொட்டியில் மீன் ஏன் சாகிறது?

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் கலர் மீன் வளர்க்கிறோம். தொட்டியின் அகலம் ஓர் அடி, உயரம் ஒன்றரை அடி. ஐப்பசியில் சென்னை கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய் கோல்டு ஃபிஷ் இரண்டு, ஏஞ்சல் இரண்டு, டைகர் பார்ப் நான்கு, கப்பி பத்து, டேங்க் கிளீனர் மீன் ஒன்று வாங்கி வந்து, அன்றைக்கே எல்லாவற்றையும் விட்டோம். போர் தண்ணீர்தான். வாரம் தவறாமல் மீன்களை வாளியில் எடுத்து வைத்துவிட்டு தொட்டி, கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுகிறோம். ராத்திரியில் ஃபில்டர் மோட்டாரை நிறுத்திவிடுவோம். அப்படியும் கழுவிய இரண்டு மூன்று நாளில் ஒன்றிரண்டு செத்துவிடுகிறது. இப்போது கப்பியில் மூன்று, ஏஞ்சலில் ஒன்றுதான் மிச்சம். அந்த ஏஞ்சலின் துடுப்பும் வாலும் அரித்துப்போயிருக்கின்றன. மழை ஆரம்பித்ததிலிருந்து எல்லா மீனிலும் வெள்ளைப் புள்ளி. எங்கள் தண்ணீர் ஒத்துவரவில்லையா? எதை எதோடு சேர்த்து விடலாம்? நன்றாக வந்தால் ஆடு வளர்ப்போடு இதையும் ஒரு வருமானமாகச் செய்ய எண்ணம்.
– வாசகர், ஊத்துக்கோட்டை வட்டம்

பதில்: உங்கள் போர் தண்ணீரின் மேல் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. கழுவிய இரண்டு மூன்று நாளில் சாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதில்தான் இருக்கிறது. தண்ணீரே ஆகாது என்றால் மீன் எந்த நாளிலும் செத்திருக்கும், இப்படிக் கணக்கு வைத்துக்கொண்டு சாகாது.

மீனின் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியா தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் கிடந்து அழுகும் தீனியிலிருந்தும் வருகிறது. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழும் நல்ல பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா போதுமான அளவு வளர 4 முதல் 6 வாரம் பிடிக்கும். நீங்களோ வாரத்துக்கு ஒருமுறை அதைத் தேய்த்துக் கழுவிக் கால்வாயில் விட்டுவிடுகிறீர்கள். கழுவிய அன்று தண்ணீர் பளிச்சென்று இருக்கும், மீனும் துள்ளும். அடுத்த இரண்டு நாளில் அம்மோனியா ஏற ஏற, மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் சிவந்து தடிக்கும். நம் பகுதிப் போர் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு 7 இருக்கும் தண்ணீரைவிட 8 இருக்கும் தண்ணீரில், அதே அளவு அம்மோனியாவில் விஷப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்கு.

ராத்திரியில் மோட்டாரை நிறுத்துவதும் இதே கணக்கில்தான் சேரும். தண்ணீர் ஓடாவிட்டால் ஸ்பாஞ்சுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா மடியும். 10 வாட் மோட்டாரை இரவு 8 மணி நேரம் நிறுத்தி வைத்தால் மாதத்துக்கு இரண்டரை யூனிட்கூட மிச்சமாகாது. இதற்காக மீனைக் காவு கொடுக்க வேண்டாம்.

இனிமேல் வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். மீனை வெளியே எடுக்கவே கூடாது. ஒரு டியூபைத் தொட்டியின் அடிவரை விட்டு, கல்லுக்குள் தங்கிய அழுக்கோடு உறிஞ்சி எடுங்கள். அப்படி எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை முக்கி இரண்டு பிழி பிழிந்து திரும்ப மாட்டுங்கள். ஸ்பாஞ்ச் பழுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். சோப்பு பக்கத்திலேயே வரக்கூடாது. ஊற்றப்போகும் போர் தண்ணீரை முதல் நாள் இரவே ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு வையுங்கள். ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். போர் மோட்டாரிலிருந்து நேரே பிடித்து ஊற்றினால் மீன் திணறும். மாடித் தொட்டித் தண்ணீர் என்றால் உச்சி வெயிலில் பிடிக்காதீர்கள். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதையும் ஒரு நாள் காற்றடித்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

சரி, வெள்ளைப் புள்ளிக்கு வருவோம். ரவை அளவில், தொட்டால் சொரசொரப்பாக, வாலிலும் துடுப்பிலும் தொடங்கியிருந்தால் அது இக் என்ற ஒட்டுண்ணி நோய். கல்லில் போய் உடம்பைத் தேய்த்துக்கொள்கிறதா என்று கவனியுங்கள், தேய்த்தால் சந்தேகமே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டித் தண்ணீர் சட்டென்று குளிரும்போதுதான் இது பெரும்பாலும் கிளம்பும். அம்மோனியாவில் நொந்த மீனுக்கு எதிர்ப்புச் சக்தி வேறு இருக்காது.

இந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. முதிர்ந்ததும் மீனைவிட்டு உதிர்ந்து, கல்லில் ஒட்டிக்கொண்டு, ஒன்று பல நூறாகப் பிரியும். அந்தக் குஞ்சுகள் நீந்தி வேறு மீனைத் தேடும் நேரத்தில்தான் மருந்து வேலை செய்யும். அதனால்தான் நான்காம் நாள் புள்ளி மறைந்ததும் வைத்தியத்தை நிறுத்துபவர்களுக்கு அடுத்த வாரமே முன்பைவிட அதிகமாகத் திரும்பி வருகிறது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் இந்தச் சுழற்சி சில நாளில் முடிந்துவிடும், குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் இழுக்கும்.

உங்கள் தொட்டி நிறைய நிறைய 127 லிட்டர் பிடிக்கும். கல்லையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் 100 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 வாட் ஹீட்டர் ஒன்று வாங்கி, சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏற்றி 29 டிகிரியில் நிறுத்துங்கள். சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் இரவு பகலாக ஓட வேண்டும். லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் 200 கிராம் கல் உப்பை எடுத்து, மூன்று பங்காக்கி, தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து ஒன்றரை நாளில் ஊற்றி முடியுங்கள். செடி இருந்தால் உப்பில் வாடிவிடும், முன்பே எடுத்துவிடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை கல்லை உறிஞ்சிக் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். அப்போது உள்ளே போகும் 25 லிட்டருக்கு 50 கிராம் உப்பு மட்டும் சேர்த்தால் போதும், மறுபடி 200 போட்டுவிடாதீர்கள். தண்ணீரை இறக்கும் முன் ஹீட்டர் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். வெறும் காற்றில் எரிந்தால் ஹீட்டர் கண்ணாடி வெடிக்கும். புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம், ஆக மொத்தம் இரண்டு வாரமாவது இதைத் தொடர வேண்டும்.

கடையில் நீல மருந்து கொடுப்பார்கள். மெத்திலின் புளூ கெட்டதில்லை, ஆனால் அதைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகும். தனியாக ஒரு டப்பில் பயன்படுத்தலாம். டெட்ராசைக்கிளின் மாத்திரையை உடைத்துப் போடச் சொன்னால் கேட்காதீர்கள். ஒட்டுண்ணிக்கு அது மருந்தே இல்லை.

இப்போது எதை எதோடு விடலாம் என்ற கேள்வி. ஏஞ்சலின் துடுப்பு ஓரத்தை உற்றுப் பாருங்கள். துண்டு துண்டாகக் கடித்து எடுத்த மாதிரி இருந்தால் அது டைகர் பார்பின் வேலை. ஓரம் வெளுத்துக் கரைந்துகொண்டே வந்தால்தான் துடுப்பு அழுகல். நீங்கள் சொல்லும் மீன்களை வைத்துப் பார்த்தால் கடிதான் என்பேன். டைகர் பார்ப் கூட்டமாக வாழும் மீன். எட்டு பத்து சேர்ந்து இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடி நேரத்தைப் போக்கும். நான்கே விட்டால், நீளத் துடுப்பை அசைத்து மெதுவாக நீந்தும் ஏஞ்சல், கப்பி, கோல்டு ஃபிஷ்ஷின் வாலில்தான் அதன் கண். இந்த மூன்றையும் அதற்கே கூட்டாளியாக்கியிருக்கிறீர்கள்!

கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், ஏஞ்சல் அமேசான் பக்கத்து வெப்பத் தண்ணீர் மீன். ஒன்றுக்குச் சுகமான சூடு மற்றதற்குச் சுகமில்லை. போதாததற்கு, கோல்டு ஃபிஷ் தின்னும் அளவும் போடும் கழிவும் அதிகம். உங்கள் தொட்டியில் அவை இரண்டை மட்டும் விட்டு வேறெதுவும் சேர்க்காவிட்டால் பல வருடம் வாழும். ஓர் அங்குல மீனுக்கு 4 லிட்டர் என்று கடையில் சொல்லும் கணக்கு கப்பி மாதிரிச் சின்ன மீனுக்கு ஓரளவு சரி, கோல்டு ஃபிஷ்ஷுக்குச் சரிப்படாது.

உங்கள் காரத் தண்ணீருக்கு இயல்பாகவே ஒத்துவருவது குட்டி போடும் ஜாதிதான்: கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்டு டெயில். நான்கையும் ஒன்றாக விடலாம், ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருக்க வேண்டும். ஆண் அதிகமானால் பெண் மீனைத் துரத்தித் துரத்தியே சாகடித்துவிடும். துடிப்பான தொட்டி வேண்டும் என்றால் டைகர் பார்ப் எட்டு, ஜீப்ரா டேனியோ ஆறு என்று விடுங்கள். டேனியோவின் வேகத்துக்குப் பார்பால் எட்டிப் பிடிக்க முடியாது. ஏஞ்சல் ஆசை விடாது என்றால் அதற்கு உயரமான தொட்டி, கூட நடுத்தர அளவு அமைதியான மீன்கள். நியான் டெட்ராவை மட்டும் சேர்க்காதீர்கள். வளர்ந்த ஏஞ்சலுக்கு அது வாய்க்குள் போகும் அளவு, நியானுக்கு உங்கள் கடினத் தண்ணீரும் ஆகாது. ஃபைட்டர் ஆண் இரண்டு ஒரே தொட்டியில் கூடாது என்பது உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கும். ஃபிளவர் ஹார்ன் தனி ஆள். ஆஸ்கர் ஓர் அடி வளரும், வாயில் நுழையும் எதையும் விழுங்கும். கொளத்தூர் போகும்போது பளீரென்ற நிறக்கோடு போட்ட கண்ணாடி மீன் கண்ணில் பட்டால் வாங்காதீர்கள். அது நம் ஊர் மீன்தான், அந்த நிறம் ஊசி வழியே ஏற்றிய சாயம். ஊசி போட்ட காயத்தோடு வரும் மீன் அதிக நாள் நிலைக்காது.

டேங்க் கிளீனர் என்ற பெயரை நம்பி வாங்கியிருக்கிறீர்கள். அது பாசியைக் கொஞ்சம் சுரண்டும், அவ்வளவுதான். தொட்டியைச் சுத்தம் செய்யாது, தானும் நிறையக் கழிவு போடும். ஓர் அடிக்கு மேல் வளரும். பசித்தால் ராத்திரியில் கோல்டு ஃபிஷ்ஷின் மேல் ஒட்டிக்கொண்டு அதன் உடம்புச் சளியை உறிஞ்சும். நோய் தீர்ந்ததும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல நீர்நிலைகளில் இப்படி விட்ட மீன்தான் பெருகி, வலையைக் கிழித்து மீனவர்களுக்குத் தொல்லை கொடுக்கிறது.

வெளியூர்ச் சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றைக்கே உங்கள் பட்டியில் விடமாட்டீர்கள். மீனுக்கும் அதே விதிதான். ஒரு பிளாஸ்டிக் டப்பும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் தனியாக வைத்து, புது மீனை இரண்டு வாரம் அதில் வைத்துப் பாருங்கள். வந்ததும் பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, டப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்து, பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது. சாக்கடையில் அள்ளி விற்கும் சிவப்புப் புழுவும் நோயைக் கொண்டுவரும். தீனி இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு, ஒரு நாளுக்கு இரண்டு வேளை போதும்.

வருமானம் பற்றி: கப்பியும் மோலியும்தான் தொடக்கத்துக்கு ஏற்றவை. நல்ல பெண் கப்பி ஏறக்குறைய மாதம் ஒருமுறை 20, 30 குட்டி போடும். தாயே குட்டியைத் தின்னும் என்பதால் குட்டி ஒளிந்துகொள்ள வேலம்பாசி அடர்த்தியாக வேண்டும். புதிதாக சிமென்ட் தொட்டி கட்டினால் உடனே மீன் விடாதீர்கள். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, தண்ணீரை நாலைந்து முறை மாற்றி, சுண்ணாம்புக் காரம் அடங்கிய பிறகே விட வேண்டும். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லை அலங்கார மீன் வளர்ப்புக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் வைத்திருக்கிறார்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் முதலில் இந்த மூன்றடித் தொட்டியைப் பிடிக்குக் கொண்டுவாருங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பார்க்கும் சோதனை கிட் வாங்கி வாரம் இருமுறை பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து இரண்டு வாரம் பூஜ்ஜியத்தில் நின்ற பிறகு மீன் வாங்கக் கிளம்பலாம், அதுவரை ஒரு கப்பிகூட வேண்டாம்.