சான்றிதழை விடுங்கள், வாணலியைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: ஒஹாயோவில் வசிக்கிறோம். இங்கே ஒரு பழம்பொருள் வியாபாரி, 1840களில் அமெரிக்காவின் மேற்கே போகும் ஆரிகன் பாதையில் மாட்டுவண்டி கட்டிப் போன குடியேறிகளின் வாணலி என்று ஒரு வார்ப்பிரும்பு வாணலிக்கு 400 டாலர் கேட்கிறார். மதிப்பீட்டாளர் கையெழுத்துப் போட்ட சான்றிதழும் தருகிறார். அடியில் ‘கிரிஸ்வோல்ட்’, ‘ஈரி’ என்று எழுத்து இருக்கிறது. வாங்கித் தோசை வார்க்கலாமா? வீட்டில் கைக்குழந்தை உண்டு.

பதில்: அந்தக் கதைக்காக ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்காதீர்கள். பென்சில்வேனியாவின் ஈரி நகரில் கிரிஸ்வோல்ட் கம்பெனியின் தொழில் தொடங்கியதே 1865இல்தான். 1840களில் வண்டியேறிப் போனவர்கள் கையில் அந்தப் பெயர் போட்ட வாணலி இருந்திருக்க வழியே இல்லை. மற்ற வாணலிக் கம்பெனிகளில், உங்கள் மாநிலத்து வாக்னர் தொடங்கியது 1891, டென்னசியின் லாட்ஜ் 1896. இந்த மூன்றில் எந்தப் பெயரைப் பார்த்தாலும் வண்டிக்கதையை நம்பாதீர்கள்.

குடியேறிகள் காலத்தில் பரவலாகப் புழங்கியவை, தணல்மேல் நிறுத்தும் மூன்று கால் பாத்திரங்கள். அவற்றின் அடியைத் திருப்பினால் குறுக்கே ஒரு நீளத் தழும்பு தெரியும். விரலால் தடவினால் மேடாக, ஒடித்தெடுத்த இடம்போலச் சொரசொரவென்று இருக்கும். மணல் அச்சுக்குள் இரும்புக் குழம்பை ஊற்றிய வாய் அது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த முறை மறைந்துவிட்டது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். பெயர் இருந்தாலே பிற்காலத்தது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்தக் காலத்து உள்ளூர் வார்ப்படச் சாலைகள் சில, பெரிய கொப்பரைகளில் தங்கள் பெயரையோ ஊரையோ பொறித்திருக்கின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் பெயரோடு தழும்பும் இருக்கிறதா, கால்கள் இருக்கின்றனவா, எழுத்து கையால் செதுக்கிய அச்சுபோல ஏற்ற இறக்கமாக இருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள். மூன்றும் பொருந்தினால் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் ஒதுக்கக் கூடாது. ஆனால் ‘மேட் இன் யுஎஸ்ஏ’ என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், குடியேறிகள் காலத்தது அல்ல.

இனி அந்தச் சான்றிதழ். அமெரிக்காவில் வீடு, மனையை மதிப்பிடுகிறவருக்குப் பெரும்பாலும் மாநில உரிமம் வேண்டும். பாத்திரம் பண்டத்துக்கு அது கிடையாது. அட்டை அச்சடித்துக்கொண்டால் எவரும் மதிப்பீட்டாளர்தான். மதிப்பீட்டாளரும் வியாபாரியும் ஒரே கூட்டாக இருந்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ‘உள்ளபடியே விற்பனை’ என்று ரசீதில் ஒரு வரி போட்டுவிட்டால், பிறகு பணத்தைத் திரும்ப வாங்குவது எளிதல்ல. இத்தனை ஆண்டுகளாக இதை ஒழுங்குபடுத்த யாருக்கும் மனம் வரவில்லை. கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள். இணைய ஏலத்தில் அதே எண், அதே முத்திரையுள்ள வாணலி உண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள்.

போலி வார்ப்பும் உண்டு. பழைய வாணலியையே அச்சாக வைத்து வார்த்தால், இரும்பு ஆறும்போது சுருங்குவதால் அளவு சற்றுக் குறையும். எழுத்தும் மழுங்கும், உட்புறம் மணல்போல நெருடும். விரிசல் இருக்கிறதா என்று, மண்பானை வாங்கும்போது செய்வதுபோல, சுண்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியம் ஈயம், அதாவது நஞ்சான காரீயம். துப்பாக்கிக் குண்டு, தூண்டில் குண்டு வார்க்க வீட்டு வாணலியிலேயே ஈயத்தை உருக்கியவர்கள் உண்டு. 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் உலோகம், அடுப்படியே போதும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கடையில் விற்கும் சோதனைக் குச்சி நிறம் மாறினால் வாங்காதீர்கள். மாறவில்லை என்பதும் முழு உத்தரவாதம் ஆகாது. கைக்குழந்தை இருக்கும் வீடு என்பதால் எக்ஸ்ரே கதிரால் உலோகம் பார்க்கும் இடத்தில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஈயம் பட்ட வாணலியை எவ்வளவு தேய்த்தாலும் சமையலுக்கு நம்ப முடியாது, சுவரில் மாட்டிக்கொள்ளலாம். விற்பவர் சோதிக்கவே விடவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

சோதனையில் தேறினால், பழைய கரியை எடுக்க ஓவனின் தானியங்கிச் சுத்தச் சூட்டில் வைக்காதீர்கள். வளைந்துவிடும், விரிசல் விடவும் கூடும். காஸ்டிக் சோடா கலந்த ஓவன் கிளீனரை, கையுறை போட்டுக்கொண்டு பயன்படுத்துங்கள். கழுவிக் காயவைத்து, எண்ணெயைத் தடவி, தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்து, ஓவனில் 230 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வையுங்கள். நாலைந்து முறை இப்படிச் செய்தால் பழகிவிடும்.

தோசைக்குத்தான் என்றால் வாணலியே வேண்டாம். பக்கச் சுவர் உயரம், தோசைத்திருப்பி நுழையாது. அதே கிரிஸ்வோல்ட் கம்பெனி கைப்பிடி வைத்த தட்டைக் கல்லும் வார்த்திருக்கிறது. விளிம்பு தாழ்வாக நம் தோசைக்கல் மாதிரியே இருக்கும், பொதுவாக விலையும் குறைவு. அதைக் கேட்டு வாங்குங்கள், அதற்கும் ஈயச் சோதனை உண்டு.