சேற்று நிலத்தில் மெஷின் இறக்கும் முன்: வாசகர் கேள்வி-பதில்

மழை விட்டுவிட்டது, தரிசு திருத்தக் கிளம்பியவர்களின் கடிதங்கள் குவிகின்றன. இந்த முறை ஈர நிலத்தில் காடு வெட்டுவது பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒன்றரை ஏக்கர் பள்ளக்கால், பத்து வருடத் தரிசு, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மணிக்கு 1,300 ரூபாய் பேசி ஜேசிபி வந்தது. இரண்டாவது மணியிலேயே பின்சக்கரம் புதைந்துவிட்டது. தூக்க, செயினில் ஓடும் ஹிட்டாச்சி வந்தது. இப்போது 14 மணி வாடகை 18,200, ஹிட்டாச்சிக்கு 12,000, பேட்டா 800, ஆக 31,000 கேட்கிறார். வேலை கால்வாசிதான் முடிந்திருக்கிறது. கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? (திருத்துறைப்பூண்டி)

பதில்: முழுசாகக் கொடுக்காதீர்கள். பக்கெட் வேலை செய்த மணிக்குக் கொடுங்கள். புதைந்து நின்ற நேரத்துக்கும், தூக்க வந்த வண்டிக்கும் நீங்கள் பொறுப்பில்லை என்று சொல்லுங்கள். எந்த மண் தாங்கும், எது உள்வாங்கும் என்று தெரிந்திருப்பதுதான் அவர் தொழில். ஆனால் ஒன்று, வண்டி புதைந்த இடத்தில் ஊற்று இருக்கிறது, மாடுகூட அங்கே புதையும் என்று உங்களுக்குத் தெரிந்தும் சொல்லாமல் விட்டிருந்தால் தூக்கிய செலவில் பாதியை ஏற்றுக்கொள்வதுதான் நியாயம்.

இதே சண்டை ஒவ்வொரு தை மாதமும் என்னிடம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஈர நிலத்தில் மணிக்கு எவ்வளவு என்று பேசுவது பாதி பேச்சுதான். மீதிப் பாதி, வண்டி புதைந்தால் யார் செலவு என்பது. அதை யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் நல்ல காரியம் ஆரம்பிக்கும்போது கெட்ட வார்த்தை எதற்கு என்று நினைக்கிறார்கள். பேசுங்கள். வண்டி வரப்பைத் தாண்டும் முன் பேசுங்கள். பேசியதை ஒரு தாளில் எழுதி, வண்டியில் மணி காட்டும் மீட்டரையும் போட்டோ எடுத்து, இரண்டையும் அவர் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுங்கள்.

மீட்டர் என்றதும் என் வயிறு இன்னும் எரிகிறது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகையில், சீர்காழிப் பக்கம் எங்கள் குடும்ப நிலத்தில் மெஷின் இறக்கினேன். மணிக்கு 900. மதியம் ஆபரேட்டர் சாப்பிடப் போனார், இன்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டுப் போனார். நானும் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வண்டி சும்மாதானே நிற்கிறது என்று. 40 நிமிடம், 600 ரூபாய். அந்த மீட்டருக்கு இன்ஜின் ஓடினால் போதும், பக்கெட் அசைய வேண்டியதில்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அப்புறம் அந்தக் கடைசி எண். 6218.5 என்று இருந்தால் அந்த 5 என்பது ஐந்து நிமிடம் இல்லை, அரை மணி. ஒரு புள்ளிக்கு 6 நிமிடம். இதைத் தெரியாதவர்களிடம் மணியை மாற்றிச் சொல்லிப் பணம் வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன், அதுவும் கண் சரியாகத் தெரியாத ஒரு பெரியவரிடம். வண்டி வந்ததும் மீட்டரைப் படியுங்கள், சாப்பிடப் போகும்போது இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள், போகும்போது மறுபடி படியுங்கள். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

கேள்வி: மழை விட்டு நான்கு நாள் ஆகிறது. மேலே காய்ந்துவிட்டது. மெஷின் இறக்கலாமா? (வேதாரண்யம்)

பதில்: வேண்டாம், கீழே காயவில்லை.

கேள்வி: மூன்று மா (ஏறத்தாழ ஒரு ஏக்கர்) நிலம், களிமண், முழுக்க முள். ஜேசிபி வாடகை ஹிட்டாச்சியைவிட மிகவும் குறைவு. ஜேசிபியையே வைத்துக்கொள்ளலாமா? (மன்னார்குடி)

பதில்: மணி வாடகையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். எடையைப் பாருங்கள். ஜேசிபி மாதிரி டயர் வண்டியில், டயருக்குள் என்ன அழுத்தத்தில் காற்று இருக்கிறதோ ஏறத்தாழ அதே அழுத்தம்தான் தரையில் விழும். 30 பவுண்டு காற்று என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல். 20 டன் ஹிட்டாச்சி பார்க்கப் பெரிதாக இருந்தாலும் அதன் எடை இரண்டு நீளமான செயினில் பரவி, சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோவை ஒட்டித்தான் அழுத்தும். ஒரு ஆள் நடக்கும்போது ஒற்றைக் காலில் விழுவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதனால் நீங்களே வெறுங்காலோடு நிலம் முழுக்க நடந்து பாருங்கள். கணுக்கால்வரை போகிற இடத்தில் டயர் வண்டி நிற்காது. முழங்கால்வரை போனால் எந்த வண்டியும் வேண்டாம், முதலில் வடிகால் வெட்டி மூன்று வாரம் விடுங்கள். சீமைக்கருவேல முள் டயரைப் பஞ்சர் ஆக்கும், அதற்கும் ஒரு பாதி நாள் போகும்.

ஹிட்டாச்சி ட்ரெய்லரில்தான் வரும், போக வர வாடகை தனி, குறைந்தபட்சம் இத்தனை மணி என்றும் கேட்பார்கள். அதனால் பக்கத்து நிலத்துக்காரரையும் சேர்த்துக்கொண்டு ஒரே நடையில் வரவழையுங்கள். வேளாண் பொறியியல் துறையும் விவசாயிகளுக்கு மெஷின் வாடகைக்குக் கொடுக்கிறது, உழவன் செயலியிலேயே பதியலாம். கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரலாம், ஆனால் வாடகை அரசு நிர்ணயித்தது, பேரம் இல்லை. சேறு இளகிய இடத்தில் செயினுக்கு அடியில் போட ஆறேழு தென்னந்துண்டு முன்கூட்டியே வெட்டி வைத்திருங்கள். புதைந்தபிறகு மரம் தேடி ஓடுவதில்தான் மணி போகிறது.

கேள்வி: காண்ட்ராக்டர் மரத்தையெல்லாம் இலவசமாக எடுத்துத் தருகிறேன், மேல்மண்ணை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். சரிதானே? (பட்டுக்கோட்டை)

பதில்: இல்லை. பட்டா நிலமாகவே இருந்தாலும் மண்ணை வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும், லாரி பிடிபட்டால் சர்வே எண் உங்களுடையது. மேல்மண் போன நிலத்தில் அப்புறம் என்ன விளையும்?

கேள்வி: சொந்தமாக ஹிட்டாச்சி ஓட்டுகிறேன், முதல் தடவையாக மொத்த ரேட் கேட்கிறார்கள். மூன்று ஏக்கர், இரண்டு மேடு, ஒன்று பள்ளம். எவ்வளவு சொல்வது? (திருவாரூர்)

பதில்: தம்பி, கண்ணால் பார்த்து விலை சொல்லாதே. 10 மீட்டருக்கு 10 மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை வேரோடு பிடுங்கி ஓரமாகக் குவிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார். ஒரு ஏக்கர் என்றால் அந்த மாதிரி 40 கட்டம். மேட்டில் 15 நிமிடம் ஆனால் ஏக்கருக்கு 10 மணி. பள்ளத்தில் தனியாகப் பார்க்க வேண்டும், அங்கே அதே கட்டத்துக்கு 27 நிமிடம் ஆனால் 18 மணி. ஆக 20 மணியும் 18 மணியும், மொத்தம் 38. மேட்டில் மாதிரி பார்த்துவிட்டு மூன்று ஏக்கருக்கும் 30 மணி என்று சொல்லியிருந்தால் 8 மணி உன் டீசலில் போயிருக்கும். ட்ரெய்லரை இதற்கு மேலே போடு. தினமும் சாயங்காலம் செயினிலும் அதைச் சுழற்றும் ஸ்ப்ராக்கெட்டிலும் அப்பிய சேற்றைத் தட்டிவிட அரை மணி ஆகும், அதையும் போடு. காயவிட்டால் கல்லாகி ரோலரைத் தின்னும். மழை வந்தால் வேலை நிற்கும், நின்ற நாளுக்கு வாடகை இல்லை, ஆனால் திரும்பக் கொண்டுவரும் ட்ரெய்லர் அவர்கள் செலவு என்று முன்பே எழுதி வாங்கு. இதை ஒளிக்காமல் கணக்கோடு காட்டு, பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். இன்னொன்று, புதைந்த வண்டியை ஒயர் ரோப் போட்டு இழுக்கும்போது சுற்றி ஒரு ஆள் நிற்கக்கூடாது. அறுந்தால் ஆளை வெட்டிவிடும்.

கேள்வி: வாய்க்கால் ஓரம் முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்கு. காசு மிச்சம் என்று டிராக்டரில் ரோட்டவேட்டர் விட்டேன். இப்போது முன்பைவிட இரண்டு மடங்கு முளைத்திருக்கிறது. மருந்து எது வாங்கலாம்? (கும்பகோணம்)

பதில்: ஈரத்தில் அதன் தண்டுத் துண்டு விழுந்தாலே வேர்விடும் என்று ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நீங்கள் வாடகை கொடுத்து நாற்று நட்டிருக்கிறீர்கள். மருந்துக்குச் செலவு செய்ய வேண்டாம், அது வாய்க்கால் தண்ணீரில்தான் போய்ச் சேரும். ஆள் விட்டு வேரோடு பிடுங்கி, மேட்டில் வெயிலில் போட்டுக் காயவைத்து எரியுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு சுற்று. கோரை இருந்தால் அதற்கும் ரோட்டவேட்டர் விடாதீர்கள், கிழங்கைப் பிரித்து நிலம் முழுக்க விதைத்துவிடும்.

கேள்வி: என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் மகளோடு மதுரையில் இருக்கிறேன். ஊரில் கண்மாய்ப் பாசன நிலம் நான்கு ஏக்கர், முழுக்கக் கருவேலம். மரத்தை எடுத்துக்கொண்டு தூரையும் பிடுங்கித் தருவதாகப் பேசி, மெஷினுக்கு என்று 40,000 முன்பணமும் வாங்கினார்கள். மரம் முழுக்கப் போய்விட்டது. தூர் அப்படியே நிற்கிறது. நிலம் ஈரம், மெஷின் இறங்காது என்று இப்போது சொல்கிறார்கள். போன் எடுப்பதில்லை. (ராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மரத்தை ஏற்ற லாரி இறங்கிய நிலத்தில் மெஷின் இறங்காது என்பது பொய். அடி மரத்தை அறுத்து எடுத்ததும் லாபம் கையில் வந்துவிட்டது, தூர் பிடுங்குவது செலவு, அதனால் ஓடுகிறார்கள். தூர் நின்றால் அடுத்த மழைக்குள் கொத்தாகத் துளிர்த்துவிடும், அதனால் தாமதிக்காதீர்கள்.

முன்பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், போனில் வந்த செய்திகள், தூர் நிற்கும் நிலத்தின் தேதியோடு கூடிய போட்டோ மூன்றையும் எடுத்து வையுங்கள். பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், 15 நாள் கெடு கொடுங்கள், வக்கீல் எழுத வேண்டும் என்றில்லை. பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள், கூடவே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே கொடுக்கலாம், ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முன்பணத்தோடு, வேறு ஆளை வைத்துத் தூர் பிடுங்க ஆகும் செலவுக்கு ஒரு மெஷின்காரரிடம் எழுத்தில் விலை வாங்கி அதையும் கேளுங்கள். மரத்தின் விலையையும் விட்டுவிடாதீர்கள். எந்த எடை மேடையில் லாரி ஏறியது என்று ஊரில் கேட்டால் தெரியும், அங்கே சீட்டு இருக்கும்.

கேள்வி: முள்ளை நாமே வெட்டிவிடலாம் என்று ஆன்லைனில் 52 சிசி பிரஷ் கட்டர் பார்த்தேன், 5,000 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா? (அறந்தாங்கி)

பதில்: நான் வாங்கினேன். மூன்றாம் நாள் கியர் ஹெட் சூடாகிப் புகைந்தது, விற்றவர் பாகம் இல்லை என்றார், இன்றைக்கும் மாட்டுக்கொட்டகையில் தொங்குகிறது. கியர் ஹெட், கார்புரேட்டர் இரண்டும் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிற மாடலாக வாங்குங்கள், இரண்டு மடங்கு விலை ஆனாலும் சரி. நைலான் கயிறு புல்லுக்குத்தான். கட்டைவிரல் பருமன் முள்ளுக்கு வட்டப் பல் பிளேடு வேண்டும். பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவைப் புத்தகத்தில் பாருங்கள்: 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. பெரிய தூருக்கு இது உதவாது.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வீடியோ பார்த்துப் பழைய ஹிட்டாச்சிக்கு ஒரு லட்சம் அட்வான்ஸ் போட்டுவிட்டேன். இப்போது நேரில் போனால் செயின் தேய்ந்திருக்கிறது, வண்டி மேல் இருக்கும் பைனான்ஸ் கடனும் இன்னும் அடைபடவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? (சிதம்பரம்)

பதில்: ஒரு லட்சத்தைப் போடும் முன் நூறு ரூபாய் பஸ் டிக்கெட் எடுத்திருக்கலாம். சரி, இப்போது செய்ய வேண்டியது: மீதிப் பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், வண்டியை எடுத்துக்கொண்டும் வந்துவிடாதீர்கள். பைனான்ஸ் பாக்கியை மறைத்து விற்றார் என்பதுதான் உங்கள் பிடி, அதை எழுத்தில் கேளுங்கள். நீங்களே ஓட்டிப் பிழைக்க வாங்குகிற வண்டி என்றால், விற்றவர் இதைத் தொழிலாகச் செய்பவராக இருக்கும் பட்சத்தில், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வாடகைக்கு விட்டு நான்கு ஆள் வைத்து நடத்தப் போகிறீர்கள் என்றால் அந்த வழி கடினம், சிவில் கோர்ட்தான். எது என்று எனக்கு எழுதுங்கள். அந்த வீடியோவையும் அழித்துவிடாதீர்கள்.